மூளையில் கட்டியா, மாத்திரை அட்டையா?

கேள்வி: எனக்கு 28 வயது. ஈரோடு பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். திருமணமாகி மூன்று வருடம் ஆகிறது. போன தீபாவளிக்குப் பிறகு மாதவிலக்கு சரியாக வருவதில்லை. இரண்டு மாதம், மூன்று மாதம் என்று தள்ளிப் போகிறது. ஒவ்வொரு தடவையும் விசேஷமாக இருக்குமோ என்று கார்டு வாங்கிப் பார்த்து ஏமாந்ததுதான் மிச்சம். இரண்டு மாதமாக மார்பை அழுத்தினால் இரண்டு பக்கமும் பால் மாதிரி வெள்ளையாக வருகிறது. லேடி டாக்டர் எழுதிக் கொடுத்த டெஸ்டில் புரோலாக்டின் 92 என்று வந்திருக்கிறது. ‘தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிடலாம்’ என்றார். வாரம் இரண்டு முறை போட கேபர்கோலின் என்ற மாத்திரையும் எழுதியிருக்கிறார், இன்னும் ஆரம்பிக்கவில்லை. விஷயம் தெரிந்ததிலிருந்து வீட்டில் ‘மூளையில் கட்டி’ என்றே பேசுகிறார்கள். என் சித்தி அழுதேவிட்டார். எனக்குத் தலைவலியோ பார்வைக் கோளாறோ இல்லை. தைராய்டு நார்மல். காலையில் சாப்பிடாமல் பஸ் பிடிப்பதால் வரும் கேஸ் தொல்லைக்கு மெடிக்கலில் வாங்கி தினம் ஒரு மாத்திரை போடுவேன், மற்றபடி எந்த மருந்தும் எடுப்பதில்லை. எனக்கு மூளையில் கட்டிதானா? குழந்தை பிறக்குமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கண்ணில் பட்டது 92, அதாவது பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோனின் அளவு. இரண்டாவது தடவை, கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்த கேஸ் மாத்திரை. அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு உங்களுக்கு இன்னதுதான் என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் எம்.ஆர்.ஐ.க்கு நாள் குறிப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். அந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பின்பக்கம் திருப்புங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விட்டுவிடுங்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் மருந்தின் உள்ளடக்கம் இருக்கும். பான்டோப்ரசோல், ரபிப்ரசோல், ஒமிப்ரசோல் என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் இருக்கும். அது வயிற்று அமிலத்தைக் குறைப்பது. நம் கதையில் அதற்குப் பெரிய வேஷம் இல்லை. அதோடு சேர்ந்து இன்னொரு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். டோம்பெரிடோன் அல்லது லெவோசல்பிரைடு. இரண்டில் ஒன்று இருந்தால், உங்கள் 92-க்கு விடை பெரும்பாலும் உங்கள் கைப்பையிலேயே இருக்கிறது. பிராண்டு பெயர் ‘டி’ என்றோ ‘டிஎஸ்ஆர்’ என்றோ முடிந்தால் டோம்பெரிடோன், ‘எல்’ என்று முடிந்தால் லெவோசல்பிரைடு இருக்க வாய்ப்பு அதிகம். எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் பெயர் வைக்கும் என்றில்லை, அதனால் பொடி எழுத்தைப் படிப்பதுதான் சரி.

அப்புறம், அந்த மாத்திரையை எப்போதிலிருந்து போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதையும் யோசித்துப் பாருங்கள். தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் என்று வந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது.

சரி, வயிற்றுக்குப் போடுகிற மாத்திரைக்கும் மாதவிலக்குக்கும் என்ன சம்பந்தம்?

மூளையின் அடியில், மூக்குக்குப் பின்னால், எலும்பில் குழித்த ஒரு சின்னக் கிண்ணத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கிறது. பிட்யூட்டரி என்று படித்திருப்பீர்கள். அதற்கு நேர் மேலே மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி. இரண்டையும் ஒரு மெல்லிய காம்பு இணைக்கிறது. பிட்யூட்டரியின் முன்பகுதி சுரக்கிற மற்ற ஹார்மோன்களெல்லாம் மேலேயிருந்து ‘சுர’ என்று உத்தரவு வந்தால்தான் சுரக்கும். புரோலாக்டின் மட்டும் நேர்மாறு. அது தானாகவே சுரந்துகொண்டிருக்கும் சுபாவம் உள்ளது. மூளை டோபமைன் என்ற பொருளை அந்தக் காம்பு வழியாக ஓயாமல் அனுப்பி அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

கட்டுத்தறியில் கட்டிய கன்றுக்குட்டியைப் பார்த்திருப்பீர்கள். கயிறு இறுக்கமாக இருக்கும்வரை சும்மா நிற்கும். கயிறு தளர்ந்தால் நேரே தாயின் மடிக்கு ஓடும். டோபமைன் கயிறு என்றால் புரோலாக்டின் கன்று. கயிறு தளர்ந்தால் பால் இறங்கும். உங்களுக்கு நடந்திருப்பது அநேகமாக இதுதான். இனி கேட்க வேண்டியது, கயிற்றைத் தளர்த்தியது யார் என்பது.

டோம்பெரிடோன் செய்யும் வேலையே டோபமைனைத் தடுப்பதுதான். இரைப்பையில் டோபமைனைத் தடுத்தால் இரைப்பை வேகமாகக் காலியாகும். குமட்டல், வயிறு உப்பிய உணர்வு குறையும். அதற்காகத்தான் கொடுக்கிறார்கள். நல்ல மருந்துதான், தேவைப்படும்போது நானும் எழுதுகிறேன். இந்த மருந்து மூளைக்குள் அவ்வளவாக நுழையாது. ரத்தத்தில் இருக்கும் பொருட்கள் மூளைக்குள் போகாமல் தடுக்க ஒரு வேலி உண்டு. ஆனால் பிட்யூட்டரி அந்த வேலிக்கு வெளியே, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்குள் விடாத ஆள் திண்ணையில் இருப்பவரைப் பிடித்துக்கொள்வது சுலபம் இல்லையா? லெவோசல்பிரைடும் இதே வேலையைச் செய்வதுதான். என் அனுபவத்தில் புரோலாக்டினை அது இன்னும் நன்றாகவே ஏற்றிவிடுகிறது.

தாய்ப்பால் போதவில்லை என்று வரும் அம்மாக்களுக்குச் சில டாக்டர்கள் இதே டோம்பெரிடோனை எழுதுவதுண்டு. அங்கே பால் சுரப்பதுதான் பலன், இங்கே அதுவே பக்கவிளைவு. இதயத் துடிப்பின் தாளத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் ஐரோப்பிய மருந்து ஆணையம் 2014-ல் டோம்பெரிடோனை ஒரு நாளைக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் போட வேண்டாம் என்று கட்டுப்படுத்தியது. நம் ஊரில் அதே 30 மில்லிகிராம் ஒரே கேப்ஸ்யூலில் அடைத்து, காலையில் வெறும் வயிற்றில், மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் போடுகிறார்கள். சீட்டு இல்லாமல் கேட்டாலே கிடைக்கிறது. ‘மருந்து’ என்ற கணக்கிலேயே யாரும் அதைச் சேர்ப்பதில்லை. நீங்களும் சேர்க்கவில்லை, பாருங்கள்.

இதை உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. நான் இந்தத் துறைக்கு வந்த புதிதில், 85-ஓ என்னவோ புரோலாக்டினோடு ஒரு பெண் வந்தார். ‘ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்டேன். ‘இல்லை டாக்டர்’ என்றார். நான் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தேன். பணம் புரட்டி எடுத்துக்கொண்டு வந்தார். படம் சுத்தமாக இருந்தது. எனக்குக் குழப்பம். பேசிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் பாட்டிலை எடுக்கக் கைப்பையைத் திறந்தார். பாதி காலியான ஒரு மாத்திரை அட்டை தரையில் விழுந்தது. ‘இது என்ன?’ என்றேன். ‘இது சும்மா கேஸுக்கு’ என்றார். அன்றிலிருந்து நான் ‘மருந்து சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்பதில்லை. ‘பையைத் திறந்து காட்டுங்கள்’ என்கிறேன். சிலர் முறைப்பார்கள்.

சரி, பால் சுரப்பது புரிகிறது. மாதவிலக்கு ஏன் நிற்க வேண்டும்?

உங்கள் பாட்டியிடம் கேட்டால் தெரியும். கைக்குழந்தை இரவும் பகலும் பால் குடிக்கும்வரை பலருக்கு மாதவிலக்கு திரும்புவதில்லை. பிறந்த முதல் ஆறு மாதம், தாய்ப்பால் தவிர வேறொன்றும் கொடுக்காமல், மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால், அடுத்த கர்ப்பத்தைத் தடுப்பதில் அது 98 சதவீதம் வரை நம்பத்தகுந்தது. மடியில் ஒன்று இருக்கும்போது வயிற்றில் இன்னொன்று வேண்டாம் என்று உடம்பே போட்டுவைத்த கணக்கு அது. அந்தக் கணக்கில் புரோலாக்டினுக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் உடம்பு இப்போது மடியில் குழந்தை இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. அதை அப்படி நினைக்கவைத்தது ஒரு கேப்ஸ்யூலாக இருக்கலாம்.

உள்ளே நடப்பதையும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு இது பிடித்த பகுதி. ஹைப்போதலாமஸில் ஜிஎன்ஆர்எச் என்று ஒரு ஹார்மோன் உண்டு. வெறும் பத்து அமினோ அமிலங்களால் ஆன குட்டிச் சங்கிலி. அதைக் கண்டுபிடித்துப் பிரித்தெடுத்த ஷாலி, கில்லமின் இருவருக்கும் 1977-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கருமுட்டை வளர்வது, வெளிவருவது, மாதவிலக்கு வருவது எல்லாவற்றுக்கும் தலைவாசல் இந்த ஹார்மோன். இது குழாயில் வரும் தண்ணீர் போல ஒழுகிக்கொண்டிருந்தால் வேலைக்காகாது. மாதவிலக்குச் சுழற்சியின் முதல் பாதியில் ஏறத்தாழ ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை மணி அடிப்பது போல அடித்து அடித்து வர வேண்டும். 1970-களில் எர்னஸ்ட் நோபில் என்ற அமெரிக்க விஞ்ஞானி குரங்குகளில் இதைக் காட்டினார். மணிக்கு ஒரு தடவை கொடுத்தால் பிட்யூட்டரி வேலை செய்தது. அதே ஹார்மோனை விடாமல் ஏற்றினால் அது வேலையை நிறுத்திவிட்டது.

அந்த மணியை அடிப்பது யார் என்பது வெகுகாலம் புதிராகவே இருந்தது. 2003-ல் பாரிஸிலும் பாஸ்டனிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக, வயது வந்தும் பருவமடையாதவர்கள் இருந்த குடும்பங்களை ஆராய்ந்து விடையை நெருங்கின. மூளையில் கிஸ்பெப்டின் என்ற இன்னொரு ஹார்மோன் இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பியில் பழுது இருந்தால் பருவமே வருவதில்லை. மணிக்கயிற்றை இழுக்கும் கை கிஸ்பெப்டின்தான். பெயர் வந்த கதை வேடிக்கையானது. 1996-ல் இதன் மரபணுவைப் புற்றுநோய் ஆராய்ச்சியில் முதலில் கண்டுபிடித்த ஊர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள ஹெர்ஷி. சாக்லேட்டுக்குப் பேர்போன ஊர். அந்த ஊரின் ‘கிஸ்ஸஸ்’ சாக்லேட்டின் பெயரையே மரபணுவுக்கு வைத்துவிட்டார்கள். அப்போது அது இனப்பெருக்கத்தின் தலைவாசலில் நிற்கும் ஆள் என்று அவர்களுக்குத் தெரியாது.

புரோலாக்டின் ஏறினால் இந்தக் கிஸ்பெப்டின் அடங்கிவிடுகிறது. கிஸ்பெப்டின் அடங்கினால் மணி சரியாக அடிக்காது. மணி அடிக்காவிட்டால் முட்டை வளராது. முட்டை வளராவிட்டால் மாதவிலக்கு தள்ளிப் போகும், ஒரு கட்டத்தில் நின்றே போகும். புரோலாக்டின் ஏற்றிவைத்த எலிகளுக்குக் கிஸ்பெப்டினை வெளியிலிருந்து கொடுத்தபோது சினைப்பை மறுபடி வேலை செய்யத் தொடங்கியது. மருந்தாக அது இன்னும் ஆராய்ச்சிக் கூடத்தைத் தாண்டி நம் கிளினிக்குக்கு வரவில்லை. ஆகவே ‘கிஸ்பெப்டின் டெஸ்ட் எடுக்கணுமா?’ என்று யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் கர்ப்பப்பையிலோ சினைப்பையிலோ கோளாறு இல்லாமலே, மேலே மணி அடிக்காததால் மட்டுமே கீழே எல்லாம் நின்றிருக்கலாம் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும். மணி திரும்ப அடித்தால் கீழே எல்லாம் திரும்பும்.

இனி அந்த 92. ரிப்போர்ட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் என்ன யூனிட் போட்டிருக்கிறது என்று பாருங்கள். நம் லேப்கள் பெரும்பாலும் நானோகிராம் கணக்கில் தருகின்றன. அதில் கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஏறத்தாழ 25 வரை நார்மல். சில இடங்களில் மில்லி யூனிட் கணக்கு. அதில் எண் இருபத்தோரு மடங்கு பெரிதாக வரும். போன மாதம் ஒருவர் ‘புரோலாக்டின் 400’ என்று நடுங்கிக்கொண்டு வந்தார். மில்லி யூனிட், நானோகிராமில் 19. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

உங்களுடையது நானோகிராம் என்றே வைத்துக்கொள்வோம். மருந்தால் ஏறுவது பெரும்பாலும் 25-க்கும் 100-க்கும் நடுவில் நிற்கும், சில மருந்துகளில் 200-ஐயும் தாண்டும். பிட்யூட்டரியில் பெரிய கட்டி இருந்தால் 200-க்கு மேல், சிலருக்கு ஆயிரக்கணக்கில் போகும். சின்னக் கட்டியாக இருந்தால் உங்கள் எண்ணும் வரலாம், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதனால் 92 என்ற எண்ணை மட்டும் வைத்து இந்தப் பக்கமும் சொல்ல முடியாது, அந்தப் பக்கமும் சொல்ல முடியாது. உங்கள் டாக்டர் எம்.ஆர்.ஐ. என்று சொன்னதில் தப்பே இல்லை. கேஸ் மாத்திரை விஷயத்தை அவரிடம் சொன்னீர்களா? அநேகமாக இல்லை.

நான் உங்கள் எதிரில் இருந்தால் என்ன செய்யச் சொல்வேன் என்று சொல்கிறேன். முதலில் இன்னொரு தடவை கர்ப்பப் பரிசோதனை. ஏமாந்து அலுத்துவிட்டது என்று தெரியும். இருந்தாலும் நாள் தள்ளிப்போய் புரோலாக்டினும் ஏறினால் முதலில் நினைக்க வேண்டியது கர்ப்பத்தைத்தான். நிறைமாதத்தில் புரோலாக்டின் 200-ஐத் தொடுவது சர்வசாதாரணம். அது இல்லை என்றானதும் அட்டையோடு உங்கள் டாக்டரிடம் போங்கள். டோம்பெரிடோனோ லெவோசல்பிரைடோ இருந்தால் நிறுத்தச் சொல்வார். குறைந்தது மூன்று நாள், நான் வழக்கமாக ஒரு வாரம் விடுவேன், கழித்து மறுபடி புரோலாக்டின். தூங்கும்போது இந்த ஹார்மோன் ஏறும், அதனால் எழுந்ததும் ஓடிப்போய் ரத்தம் கொடுக்க வேண்டாம்; எழுந்து இரண்டு மணி நேரமாவது ஆகட்டும். பஸ்ஸில் இடிபட்டு இறங்கிய மூச்சோடு ஊசிக்குக் கையை நீட்டாதீர்கள். லேபில் இருபது நிமிடம் சும்மா உட்காருங்கள். பதற்றம்கூட இதைக் கொஞ்சம் ஏற்றும்.

இறங்கியிருந்தால் வேலை முடிந்தது. மாதவிலக்கு ஒழுங்குக்கு வரச் சில வாரம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். இறங்கவில்லை என்றால், அல்லது அட்டையில் வெறும் பான்டோப்ரசோல் மட்டும்தான் இருக்கிறது என்றால், எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும். அதற்கு முன்னால் லேபில் ‘மேக்ரோபுரோலாக்டின்’ பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள். சிலருக்குப் புரோலாக்டின் எதிர்ப்புப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு பெரிய உருண்டையாக ரத்தத்தில் சுற்றும். மெஷின் அதையும் சேர்த்து எண்ணிவிடும், உடம்பில் அது ஒரு வேலையும் செய்யாது. உங்களுக்குப் பாலும் வருகிறது, நாளும் தள்ளிப்போகிறது என்பதால் அது இருக்க வாய்ப்புக் குறைவு. இருந்தாலும் சின்ன டெஸ்ட்தான். தைராய்டு நார்மல் என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. தைராய்டு குறைந்தாலும் புரோலாக்டின் ஏறும். உங்கள் டாக்டர் அதைப் பார்த்துவிட்டார் என்பதிலிருந்தே அவர் கவனமானவர் என்று தெரிகிறது.

கேபர்கோலின் பற்றி. அது டோபமைன் மாதிரியே வேலை செய்து கன்றைப் பிடித்துக் கட்டும் மாத்திரை. அருமையான மருந்து. ஆனால் காலையில் ஒரு மாத்திரை கயிற்றை அவிழ்க்க, இன்னொரு மாத்திரை கட்ட என்று இரண்டையும் ஒன்றாகப் போட்டுக்கொள்வதில் அர்த்தமில்லை. பத்து நாள் பொறுத்து மறுபரிசோதனையைப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்.

இங்கே மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. மனநலச் சிகிச்சையில் தரப்படும் ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு, ஹாலோபெரிடால் போன்றவையும் இதே கயிற்றைத் தளர்த்துபவை. இதைப் படித்துவிட்டு அவற்றை யாரும் தாங்களாக நிறுத்தக் கூடாது. கேஸ் மாத்திரையை ஒரு வாரம் விட்டால் இரண்டு ஏப்பம் கூடுதலாக வரும். அவற்றை விட்டால் நோயே திரும்பிவிடும். மனநல மருத்துவரிடம் சொன்னால் மாற்று மருந்து உண்டு.

சரி, கட்டியே என்று வைத்துக்கொள்வோம். சித்தி அழுதது ‘மூளைக் கட்டி’ என்ற வார்த்தையைக் கேட்டுத்தான். இது மூளைக்குள் முளைப்பதல்ல, மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பியில் வருவது. ஏறக்குறைய எப்போதுமே புற்றுநோய் அல்ல. 10 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சிறியது என்று பெயர். பெண்களுக்கு வருவதில் பெரும்பாலானவை சிறியவைதான், ஏனென்றால் நாள் தள்ளிப்போனதும் நீங்கள் டாக்டரிடம் ஓடிவிடுகிறீர்கள். தலையைத் திறக்கும் பேச்சே இல்லை. வாரம் இரண்டு நாள் கேபர்கோலின் போட்டால் பெரும்பாலானோருக்குப் புரோலாக்டின் இறங்கி, கட்டியும் சுருங்கி, மாதவிலக்கும் திரும்பி, கர்ப்பமும் தரிக்கிறது. கர்ப்பம் உறுதியானதும் வழக்கமாக மாத்திரையை நிறுத்திவிட்டுக் கண்காணிப்போம். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: எந்தக் குறையும் இல்லாதவர்களை வரிசையாக நிற்கவைத்து எம்.ஆர்.ஐ. எடுத்தாலும், பத்தில் ஒருவருக்குப் பிட்யூட்டரியில் சின்னப் புள்ளி ஒன்று தெரியும். மாத்திரை விஷயத்தைத் தெளிவாக்காமல் படம் எடுத்து, இந்தப் புள்ளி ஒன்று அகப்பட்டுவிட்டால், வேண்டாத பயமும் வருடா வருடம் வேண்டாத எம்.ஆர்.ஐ.யும்தான் மிஞ்சும். அட்டையை முதலில் பார் என்று நான் அடித்துக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெரிய கட்டிகள் ஆண்களுக்குத்தான் அதிகம் வருகின்றன. வந்து சேர்வதே தாமதமாக. அவர்களுக்குத் தள்ளிப்போக நாள் இல்லையே. ஒரு தம்பதி ஞாபகம் வருகிறது. ஐந்து வருடமாக மனைவிக்கு மட்டும் ஸ்கேன் மேல் ஸ்கேன், ஊசி மேல் ஊசி. கணவருக்கு ஒரு டெஸ்டும் இல்லை. அவர் என் அறைக்குள் வரும்போதே கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். ‘இவர் எப்பவும் இப்படித்தான், பைக்கையும் சைடில் உரசிக்கிட்டே வருவார்’ என்றார் மனைவி சிரித்துக்கொண்டே. நான் சிரிக்கவில்லை. பிட்யூட்டரிக்கு நேர் மேலே கண் நரம்புகள் இரண்டும் குறுக்காகச் சந்திக்கும் இடம் இருக்கிறது; கட்டி பெரிதாகி அதை அழுத்தினால் இரண்டு ஓரத்துப் பார்வையும் போய்விடும். நேரே தெரியும், பக்கவாட்டில் தெரியாது. அவர் புரோலாக்டின் ஆயிரங்களில் இருந்தது. தாம்பத்தியத்தில் நாட்டமில்லை என்பதை ஐந்து வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். அவருக்கும் கேபர்கோலின்தான் கொடுத்தோம். ஆபரேஷன் இல்லாமலே பார்வை விரிந்தது.

இதை எதற்குச் சொன்னேன் என்றால், உங்கள் கடிதத்தில் இன்னொரு கணக்கு இடிக்கிறது. திருமணமாகி மூன்று வருடம். மாதவிலக்கு பிசகியது போன தீபாவளிக்குப் பிறகுதான். அதற்கு முன்னால் இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காக வந்திருக்கிறது. அந்தக் காலத்துக்குப் புரோலாக்டினைக் குற்றம் சொல்ல முடியாது. அப்போது நீங்கள் இருவரும் குழந்தையைத் தள்ளிப்போட்டிருந்தால் சரி, பேச்சில்லை. இல்லையென்றால் உங்கள் கணவர் விந்துப் பரிசோதனை செய்துகொண்டாரா? கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. இரண்டு முதல் ஏழு நாள் உறவில்லாமல் இருந்துவிட்டுக் கொடுக்கும் ஒரு மாதிரி, செலவு குறைவு, ஊசி கிடையாது. ‘முதலில் அவளுக்குச் சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று வீட்டில் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மறுபரிசோதனை நடக்கும் அதே வாரத்தில் அவருடையதும் முடியட்டும்.

பால் வருகிறதா என்று தினமும் அழுத்திப் பார்க்கிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். எல்லோரும் செய்வதுதான். ஆனால் குழந்தை சப்பும்போது மூளைக்குப் போகும் சேதியே அழுத்தும்போதும் போகிறது. புரோலாக்டின் இன்னும் கொஞ்சம் ஏறும், பால் நிற்காது. கையை எடுத்துவிடுங்கள். தானாகக் கசிந்தால் ஒரு பஞ்சு வைத்துக்கொண்டால் போதும். ஒரு பக்கம் மட்டும் கசிந்தாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ அது வேறு விஷயம். உடனே காட்ட வேண்டும்.

குழந்தை பிறக்குமா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். புரோலாக்டின் ஏறியதற்கு மேலே சொன்ன காரணங்களில் எதுவானாலும், மருத்துவத்தில் சரிசெய்யச் சுலபமான குழந்தைப்பேறு சிக்கல்களில் இது ஒன்று. ஒரு எச்சரிக்கை மட்டும்: மாத்திரையை நிறுத்தி மணி மறுபடி அடிக்க ஆரம்பித்தால், மாதவிலக்கு வருவதற்கு முன்னாலேயே முட்டை வெளிவந்துவிடலாம். ஆகவே அடுத்த தடவை நாள் தள்ளினால் ‘பழைய பிரச்சினைதான்’ என்று விட்டுவிடாமல் கார்டு வாங்குங்கள்.

வயிற்றுக்கு? காலையில் வெறும் டீயைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறினால் யாருக்கும் எரியத்தான் செய்யும். இரண்டு இட்லியை டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு முதல் பீரியடுக்கு முன்னால் ஸ்டாஃப் ரூமில் சாப்பிட முடியுமா பாருங்கள். அப்படியும் எரிந்தால் கூட்டுச் சரக்கு இல்லாத வெறும் அமிலக் குறைப்பு மாத்திரையைக் கொஞ்ச நாளைக்கு டாக்டரே எழுதித் தருவார்.

மறுபடி டெஸ்ட் எடுத்ததும் எழுதுங்கள். எண்ணை மட்டும் எழுதாமல், பக்கத்தில் இருக்கும் யூனிட்டையும், அந்த அட்டையின் பின்பக்கத்தில் இருந்த பெயரையும் சேர்த்து.